ரெண்டு சிவப்புப் பேனாக்கத்தி: எது ஒரிஜினல், எது டூப்ளிகேட்?

மலைப்பாதை20 (ஏற்காடு)

எல்லாருக்கும் வணக்கம். கையில ரெண்டு சிவப்பு மடக்குக் கத்தி இருக்கு. ரெண்டுலயும் விக்டோரினாக்ஸ்னு (சுவிஸ் கத்திக் கம்பெனி) போட்டிருக்கு, மூடினா ரெண்டும் 91 மி.மீ. நீளம். பெரிய பிளேடு, சின்ன பிளேடு, டின் ஓப்பனர், பாட்டில் ஓப்பனர், கார்க் திருகு, குத்தூசி, சாமணம், பல்குச்சி எல்லாம் ரெண்டுலயும் உண்டு. ஸ்பார்ட்டன் மாடல்னு நினைக்கிறேன். முதல் கத்தி வெளிநாட்டுல இருந்து சொந்தக்காரர் கொண்டு வந்தது. ரெண்டாவது ஆன்லைன்ல 649 ரூபாய்.

649 ரூபாய் கத்தியில கண்ணுல பட்டது:
சிலுவைச் சின்னத்தை நகத்தால சுரண்டினா வெள்ளையா பொடி வருது. பிளேடோட அடியில எழுத்து மங்கலா, கொஞ்சம் சாய்ஞ்சு இருக்கு. மூடுறப்ப 'டக்'குனு சத்தம் இல்ல, வழுக்கிக்கிட்டு உள்ள போகுது. ஆனா வந்த அன்னிக்கு பேப்பரை வெட்டிப் பார்த்தா வெளிநாட்டுக் கத்தியை விட நல்லாவே வெட்டுச்சு. அதான் குழப்பம்.

வேலை என்னன்னா, மிளகுக் கொடி கட்டுற கயிறு, சாக்கு, பழம், எப்பவாச்சும் ஒரு ஸ்க்ரூ. இது போலியா? போலின்னாலும் வெட்டுதுன்னா என்ன நஷ்டம்?

---

சாணைக்கல்

சின்னம் பொடியாக உதிர்கிறது என்றதுமே பாதி விடை வந்துவிட்டது. 91 மி.மீ. சிவப்பு மாடல்களில் கேடயமும் சிலுவையும் உலோகத்தில் செய்து பிளாஸ்டிக்குக்குள் பதித்தவை. நகத்தை ஓட்டினால் மேடும் தட்டாது, பள்ளமும் தட்டாது. போலியில் பெயின்ட், ஸ்டிக்கர், அல்லது மேலே ஒட்டிய தகரம். ஒரு எச்சரிக்கை: நைலான் கைப்பிடி போட்ட சில மாடல்களில் நிறுவனமே சின்னத்தை அச்சடித்துத்தான் தருகிறது. அதனால் 'அச்சு என்றால் போலி' என்று எல்லா மாடலுக்கும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் மாடலுக்கு அது பொருந்தும்.

எழுத்தை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இப்போதைய கத்திகளில் நிறுவனப் பெயரோடு 'சுவிஸ் மேட்', 'ஸ்டெயின்லெஸ்' என்று இருக்கும். பழைய ஒரிஜினல்களில் 'சுவிட்சர்லாந்து', 'ரோஸ்ட்ஃப்ரை', பின்பக்கம் 'ஆஃபிசியே சுவிஸ்' என்றெல்லாம் வரும். முத்திரையைக் காப்பியடிப்பது எளிது. போலிக்காரர்களுக்குக் கைவராதது பொருத்து வேலை. அதைப் பாருங்கள்.

கத்தியை மூடி, டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து அடுக்குகளுக்கு நடுவே பாருங்கள். நல்ல கத்தியில் ஸ்பிரிங்கும் பக்கத் தகடும் சேரும் இடத்தில் வெளிச்சக் கோடு தெரியாது. போலியில் ஏதாவது ஓரிடத்திலாவது கீற்று விழும். பிறகு கட்டைவிரலை முதுகில், அதாவது ஸ்பிரிங் பக்கம், ஓட்டிப் பாருங்கள். மூடிய நிலையில் எல்லா ஸ்பிரிங்கும் தகட்டோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கி இருந்தால் பொருத்தின ஆளுக்கு அவசரம்.

அடுத்து ஒவ்வொரு கருவியாகத் திறந்து மூடுங்கள். ஒரிஜினலில் பிளேடு கடைசிக் கொஞ்ச தூரத்தைத் தானாகவே இழுத்துக்கொண்டு போய் உட்காரும், நீங்கள் கேட்கும் 'டக்' அதுதான். வழுக்கிக்கொண்டு போகிறது என்றால் ஸ்பிரிங்கின் பதமும் சரியில்லை, பிளேடின் அடிப்பாகத்தைச் சீவிய கோணமும் சரியில்லை. உங்கள் பதிவில் எனக்குக் கவலை தருவது சின்னம் அல்ல, இதுதான். இந்த வகைக் கத்தியில் பூட்டு கிடையாது. விரலுக்கும் பிளேடுக்கும் நடுவில் அந்த ஸ்பிரிங் மட்டும்தான்.

சோதித்துப் பார்க்க: பிளேடை முழுதாகத் திறந்து, அதன் மழுங்கிய முதுகை மேசை விளிம்பில் வைத்து மெதுவாக அழுத்துங்கள். கைப்பிடியைப் பக்கவாட்டில் மட்டும் பிடியுங்கள், பிளேடு மடங்கி வரும் வழியில் விரல் இருக்கக் கூடாது. லேசான அழுத்தத்துக்கே மடங்கினால் அந்தக் கத்தியால் சாக்கில் குத்தி இழுக்கும் வேலை வேண்டாம்.

பேப்பர் வெட்டியதைப் பற்றி: முதல் நாள் கூர் எதையும் நிரூபிக்காது. மெத்தென்ற இரும்பிலும் சவரக்கத்தி போலக் கூர் ஏற்றலாம். அது எத்தனை வெட்டுக்கு நிற்கிறது என்பதுதான் கேள்வி.

---

பேட்டைத்_தராசு (சேலம்)

எடை போட்டுப் பாருங்க ப்ரோ. நகைக்கடைத் தராசு வேண்டாம், ஒரு கிராம் வரைக்கும் காட்டுற கிச்சன் தராசு போதும். ஸ்பார்ட்டன் சுமார் 60 கிராம். கத்தரி இருக்கற கிளைம்பர் மாடல் 80 சொச்சம். ஹன்ட்ஸ்மேன் 97 பக்கம். சாவிக்கொத்துல போடுற 58 மி.மீ. கிளாசிக் எஸ்.டி. 21, 22 கிராம்தான். நடுத்தகடு ஒரிஜினல்ல அலுமினியம், போலியில பெரும்பாலும் இரும்புத் தகடு, அதான் எடை ஏறிடும். 'கனமா இருக்கு, ஸ்ட்ராங்கா இருக்கும்'னு கடைக்காரர் சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க.

அப்புறம் டப்பா நம்பர். சிவப்பு ஸ்பார்ட்டன் 1.3603, கிளைம்பர் 1.3703, ஹன்ட்ஸ்மேன் 1.3713, கிளாசிக் எஸ்.டி. 0.6223. கடைசியில .3 சேர்ந்து 1.3603.3னு வந்தா அதே ஸ்பார்ட்டன், கருப்புக் கலர். போலி டப்பாவுல நம்பர் ஒரு மாடலுக்கும் உள்ள இருக்கற கருவி இன்னொரு மாடலுக்கும் இருக்கும். கத்தரியே இல்லாத கத்திக்குக் கிளைம்பர் நம்பர் போட்டு விக்கிறாங்க.

---

உருக்கும்_உலையும்

காந்தம் வைத்துப் பார் என்று யாராவது சொல்வதற்கு முன் நான் முந்திக்கொள்கிறேன். காந்தச் சோதனை இதில் உதவாது. 'நல்ல ஸ்டெயின்லெஸ் காந்தத்தில் ஒட்டாது' என்பது பாத்திரக் கடைப் பாடம். சேலம் உருக்காலை என்றதும் நமக்கு நினைவு வரும் 304 ரகத்தில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். குடத்துக்கும் டிபன் கேரியருக்கும் அருமையான சரக்கு. ஆனால் அதைச் சூடாக்கித் தோய்ச்சல் போட்டுக் கெட்டிப்படுத்த முடியாது. அதில் கத்தி செய்தால் வெண்ணெய் தடவலாம். கத்திக்கு உதவும் ஸ்டெயின்லெஸ் வேறு சாதி, அது காந்தத்தில் ஒட்டும். ஒரிஜினலும் ஒட்டும், போலியும் ஒட்டும்.

விக்டோரினாக்ஸ் பிளேடுக்குப் பயன்படுத்துவது 1.4110 என்ற ஜெர்மன் எண் கொண்ட எஃகு. கார்பன் அரை சதவீதம் சொச்சம், குரோமியம் 14 பக்கம், கூடவே கொஞ்சம் மாலிப்டினம். நிறுவனம் சொல்லும் கடினம், ராக்வெல் சி அளவில் (எண் கூடினால் கெட்டி): பிளேடு 56. கத்தரி, அரம் 53. டின் ஓப்பனர், திருப்புளி, குத்தூசி 52. கார்க் திருகும் ஸ்பிரிங்கும் 49.

ஏன் இத்தனை விதம்? பிளேடு கூர் தாங்க வேண்டும். திருப்புளி முறுக்கும்போது முனை தெறிக்கக் கூடாது. ஸ்பிரிங் ஆயிரம் தடவை வளைந்து நிமிர வேண்டும். அருவாள் அடிப்பவரும் வாயை மட்டும் கெட்டியாக்கி முதுகை இளக்கமாக விடுவார், அதே கணக்கு. போலியில் பெரும்பாலும் ஒரே தகட்டில் எல்லாக் கருவியையும் வெட்டி ஒரே சூட்டில் எடுத்துவிடுகிறார்கள். விளைவு: பிளேடு மெத்து, கூர் உடையாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். திருப்புளியின் மூலை உருண்டுவிடும். கார்க் திருகை இறுகிய மரத்தில் நுழைத்து இழுத்தால் சுருள் நீண்டுவிடும். குத்தூசி சாக்கில் இறங்காது, ஏனென்றால் அதன் ஓரத்தைச் சீவியிருக்கவே மாட்டார்கள். டின் ஓப்பனரின் கொக்கியும் அப்படியே, உருவம் மட்டும் இருக்கும், வெட்டும் விளிம்பு இருக்காது.

சாதாரண அரத்தால் ராவிப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்கிறேன் என்று இறங்காதீர்கள். அரம் 60-க்கும் மேல் கடினம், 50-ஐயும் கடிக்கும், 56-ஐயும் கடிக்கும். இதற்கென்று 40, 45, 50, 55, 60, 65 எனக் குறித்த அரங்கள் செட்டாக வருகின்றன. 50 கடிக்காமல் வழுக்கி, 60 கடித்தால் நடுவில் இருக்கிறது என்று பொருள். அது பட்டறைக்காரர் சமாசாரம். வீட்டில் அட்டைப்பெட்டி போதும். இரண்டு பிளேடையும் ஒரே கல்லில் ஒரே கோணத்தில் தீட்டுங்கள், ஒரே பெட்டியிலிருந்து பட்டை பட்டையாக வெட்டுங்கள், பத்து வெட்டுக்கு ஒரு முறை செய்தித்தாளில் சோதியுங்கள். எது முதலில் தாளைக் கிழிக்கத் தொடங்குகிறதோ அது மெத்து.

---

மலைப்பாதை20

ரொம்ப நன்றிங்க. எடை போட்டாச்சு. வெளிநாட்டுக் கத்தி 60 கிராம், 649 ரூபாய்க் கத்தி 74. டியூப் லைட்ல பார்த்தா கார்க் திருகு பக்கம் வெளிச்சம் நல்லாவே தெரியுது. அட்டைப்பெட்டி டெஸ்ட்ல 649 முதல்லயே தோத்துடுச்சு.

இன்னொன்னு கவனிச்சேன். அதோட பெரிய பிளேடுல நடுவுல ஒரே இடத்துல கூர் நசுங்கி, வெளிச்சத்துல ஒரு புள்ளி மாதிரி மின்னுது. தீட்டினா போயிடுது, ரெண்டு நாள்ல திரும்ப அதே இடத்துல வருது. ஏன்?

---

சாணைக்கல்

பிளேடு மூடும்போது அதன் கூர் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கில் போய் முட்டுகிறது. பிளேடின் அடியில், கூர் தொடங்குவதற்குச் சற்று முன் ஒரு சிறு மேடு இருக்கும். மூடியதும் அந்த மேடுதான் ஸ்பிரிங்கில் உட்கார வேண்டும், கூர் அந்தரத்தில் நிற்க வேண்டும். உங்களுடையதில் மேடு குட்டையாக இருக்கிறது, அல்லது மெத்தான இரும்பு என்பதால் தேய்ந்துவிட்டது.

இதைச் சரிசெய்கிறேன் என்று சிலர் அந்த மேட்டை ராவுவார்கள். அதைச் செய்யாதீர்கள், பிளேடு இன்னும் ஆழமாக இறங்கி அதிகமாக முட்டும். முட்டும் இடத்தில் கூரின் வயிற்றை ஒரு தலைமுடி அளவு குறைத்துத் தீட்டுவதுதான் வழி. அதுவரை கத்தியை விட்டுச் சொடுக்கி மூடாமல், பிடித்து இறக்கி மூடுங்கள். பல வருடம் தீட்டித் தேய்ந்த ஒரிஜினலுக்கும் இந்த நோய் வரும், புதிதில் வராது.

தீட்டும் கோணம்: ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி. கோணமானி தேவையில்லை. கூரிலிருந்து முதுகு வரை பிளேடின் அகலத்தை அளந்து, அதில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைக் கல்லிலிருந்து தூக்கினால் ஏறக்குறைய 20 டிகிரி. அகலம் 12 மி.மீ. என்றால் 4 மி.மீ. 1000 கிரிட் கல், தண்ணீர் விட்டு, இரு பக்கமும் சம எண்ணிக்கையில் இழுங்கள். எதிர்ப்பக்கம் பிசிறு விரலில் தட்டியதும் நிறுத்தித் திருப்புங்கள். கடைசியில் பழைய பெல்ட்டின் உள்பக்கத்தில், முதுகு முன்னே போகும்படி பத்து இழுப்பு.

தெருவில் சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் இரண்டு கத்தியையுமே கொடுக்காதீர்கள். அவர் கைவேலையில் குறை சொல்லவில்லை. தண்ணீர் இல்லாத சக்கரத்தில் இவ்வளவு மெல்லிய கூர் நொடியில் சூடேறும். நீலம் பாரித்த இடத்தில் பதம் போயிற்று. அருவாமனைக்கு அது தாங்கும், பேனாக்கத்திக்குத் தாங்காது.

---

மூடுபனி

ஒரு மாற்றுக் கருத்து. எல்லாரும் ஒரிஜினல் சுவிஸ் கத்திதான் வாங்கணும்னு இல்லைங்க. போலி வேற, விலை குறைஞ்ச கத்தி வேற. தன் சொந்தப் பேரைப் போட்டு, எந்த நாட்டுல செஞ்சதுன்னு டப்பாவுல எழுதி, பூட்டோட வர்ற சாதாரண மடக்குக் கத்தி 649 ரூபாய்க்குள்ளயே கிடைக்கும். அது போலியை விட எவ்வளவோ மேல், ஏன்னா அதுல காசு சிலுவைச் சின்னத்துக்குப் போகல. ஏரிப் பக்கம் கடைகள்ல தொங்குற சிவப்புக் கத்திகள்ல பாதி பேரே இல்லாதது. அது மட்டமான சரக்கா இருக்கலாம், ஆனா போலின்னு சொல்ல முடியாது. விக்டோரினாக்ஸ்னு பேர் போட்டாத்தான் போலி.

தோட்ட வேலைக்கு ஓப்பினல் 8-ஆம் நம்பரும் பாருங்க. பிரான்ஸ் கத்தி, 1890-ல தொடங்கினது. மொத்தமே அஞ்சு பாகம்: பிளேடு, மரப்பிடி, ரிவிட், நிலையான வளையம், அதுமேல சுத்துற பூட்டு வளையம். பூட்டு வளையம் 1955-ல வந்தது. பிளேடுல கிரீடம் வெச்ச கைச் சின்னம் இருக்கும். போலியில வளையம் லொடலொடன்னு ஆடும், திருப்பினாலும் பிளேடு அசையும். நல்லதுல திருப்பத் திருப்ப இறுகும், பிளேடு ஆடாம நிக்கும்.

ஆனா நம்ம மலைக்கு ரெண்டு எச்சரிக்கை. பனியிலயும் மழையிலயும் மரப்பிடி ஈரம் குடிச்சு உப்பிக்கும், பிளேடு வெளிய வராது. கத்தி போலின்னு முடிவு கட்டிடாதீங்க. ஒரு நாள் உலர்த்தி, பிடியில பிளேடு உட்கார்ற பள்ளத்துல மெழுகு தேய்ச்சா சரியாகும். ரெண்டாவது, கார்பன் ஸ்டீல் வாங்காம இனாக்ஸ், அதாவது ஸ்டெயின்லெஸ், வாங்குங்க. கார்பன் நல்லா கூர் நிக்கும், வாஸ்தவம். ஆனா ஒரு மல்கோவா அறுத்தாலே பிளேடு கருத்துடும், ஆரஞ்சு அறுத்துத் துடைக்காம பையில போட்டா காலையில துரு.

(சின்ன விஷயம்: 'சுவிஸ் ராணுவக் கத்தி'ன்னு எல்லாரும் சிவப்பைக் காட்டுறாங்க. அந்தச் சிவப்புக் கத்தி ராணுவம் வீரர்களுக்குக் கொடுத்தது கிடையாது. 1891-ல படைவீரர்களுக்குப் போன முதல் கத்திகளே ஜெர்மனியில சோலிங்கன்ல செஞ்சு வந்தது. சிவப்பு, 1897-ல பதிவான ஆபீசர் கத்தியோட வாரிசு.)

---

ரசீது_இருக்கா

பணத்தைத் திரும்ப வாங்கும் பகுதியை நான் சொல்கிறேன்.

முதலில் டப்பாவைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து இறக்குமதி ஆன பொருள் என்றால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரித்த நாடு, மாதம் வருடம், அதிகபட்ச விலை, வாடிக்கையாளர் தொடர்பு ஆகியவை அட்டையில் இருக்க வேண்டும். சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகள் 2011 சொல்வது இது. ஸ்டிக்கரே இல்லாத 'இம்போர்ட்டட்' கத்தி என்றால் அங்கேயே சந்தேகப்படலாம். சொந்தக்காரர் வெளியூரில் வாங்கி வந்ததற்கு இது பொருந்தாது.

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் புகார் போடுங்கள். 'பிடிக்கவில்லை' என்ற காரணத்தைப் போடாதீர்கள், 'போலிப் பொருள்' என்பதையே தேர்ந்தெடுங்கள். நான்கு படம் போதும்: சின்னத்தின் அருகாமைப் படம், பிளேடின் முத்திரை, தராசில் 74 காட்டும் படம், டப்பாவின் நம்பர். தீட்டிப் பார்த்ததை மறைக்க வேண்டாம், ஆனால் இனிமேல் தீட்டாதீர்கள்.

அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி விற்றவர் டில்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது சேலத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. 649 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் போவதா என்பது உங்கள் பாடு. 1915-லேயே பெரும்பாலும் நகரும்.

போலி என்று தெரிந்துகொண்டே அதை இன்னொருவருக்கு விற்காதீர்கள். வணிகச் சின்னச் சட்டம் 1999-ன் 104-வது பிரிவில் அதற்கு ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது.

விமானத்தில் போனால் இரண்டில் எதையும் கைப்பையில் வைக்காதீர்கள், சோதனையில் எடுத்துக்கொள்வார்கள். செக்-இன் பையில் போகட்டும்.

---

மலைப்பாதை20

ரிட்டர்ன் போட்டுட்டேன். படம் நாலும் சேர்த்தாச்சு. திரும்ப வாங்குறப்ப கத்தரி இருக்கற கிளைம்பர் வாங்கலாம்னு இருக்கேன், கட்டுக்கயிறு நறுக்க வசதி. கத்தரியில போலியைக் கண்டுபிடிக்க ஏதாவது இருக்கா?

---

பேட்டைத்_தராசு (சேலம்)

இருக்கு. கத்தரியோட ரெண்டு கை சேர்ற இடத்துல ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், ரிவிட் இல்ல. ரொம்பப் பழைய ஒரிஜினல்ல ரிவிட் உண்டு, புதுசுல ஸ்க்ரூ. கையைத் தள்ளித் திறக்குறது ஒரு மெல்லிய ஸ்பிரிங், அது தனிப் பாகம், உடைஞ்சா அதை மட்டும் மாத்தலாம். போலியில அது வேலை செய்யுற மாதிரி இருந்தாலும் நாலு நாள்ல படுத்துடும், அப்புறம் கையாலதான் பிரிக்கணும்.

வெட்டிப் பார்க்கறப்ப அட்டை வேண்டாம். ஈரமான டிஷ்யூ பேப்பர் ஒரே ஒரு மடிப்பு. கத்தரியோட நுனியால மட்டும் நறுக்குங்க. நல்லது நுனி வரைக்கும் சுத்தமா வெட்டும். போலி நடுவுல வெட்டிட்டு நுனியில பேப்பரை மடிச்சு உள்ள இழுத்துக்கும். கடையில நின்னே பார்த்துடலாம், கடைக்காரர் முறைச்சா முறைக்கட்டும்.